வேலை தேடும்போது எதில் கணக்கு வைக்கிறீர்கள்? ஷீட்டா, ட்ரெல்லோவா?

வேலந்தாவளம்_தம்பி எழுதியது:

வணக்கம். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. கஞ்சிக்கோட்டில் ஒரு மெஷின் ஷாப்பில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இன்ஜினியர் நிலைக்குப் போக வேண்டும் என்று வேறு வேலை தேடுகிறேன். தமிழ்நாட்டுப் பக்கம் அரசூர், மலுமிச்சம்பட்டி, கிணத்துக்கடவு; கேரளப் பக்கம் கஞ்சிக்கோடு, கொச்சி. நௌக்ரி, லிங்க்ட்இன், கம்பெனிகளின் வெப்சைட், கன்சல்டன்சி, தெரிந்தவர்கள் கையில் கொடுத்துவிட்ட ரெஸ்யூம் என்று பல வழியில் போட்டிருக்கிறேன். கேரள அரசு வேலைக்கான பிஎஸ்சி தேர்வும் உண்டு.

போன் வருகிறது. "நீங்க அப்ளை பண்ணியிருந்தீங்களே" என்கிறார்கள். ஷிஃப்டில் நிற்கும் நேரத்தில் அது எந்தக் கம்பெனி, என்ன பதவி, எவ்வளவு சம்பளம் கேட்டிருந்தேன் என்று சட்டென்று பிடிபடுவதில்லை. இதற்கென்றே ஆப்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். ட்ரெல்லோ, நோஷன், இன்னும் என்னென்னவோ. எதை எடுப்பது? அதிகம் போனில்தான் பார்ப்பேன், வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. காசு கட்டும்படி இருந்தால் வேண்டாம்.

சித்தூர்ப்புழை_அக்கா எழுதியது:

தம்பி, நான் கோவையில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். போன் செய்யும் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆப் தேடுவதை விடுங்கள். கூகுள் ஷீட்ஸ் போதும். போனிலும் லேப்டாப்பிலும் ஒரே ஷீட் திறக்கும், காசு இல்லை. ஒரு வேலைக்கு ஒரு வரி, ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு கட்டம். கம்பெனி, பதவி, ஊர், எந்த வழியாகப் போட்டது, என்றைக்கு, எந்த ரெஸ்யூம், சம்பளம் என்ன சொன்னது, யாரோடு பேசியது, இப்போது எந்த நிலை. இதெல்லாம் யாரும் போடுவதுதான். உண்மையில் வேலை செய்வது கடைசிக் கட்டம்: "அடுத்த தேதி". பக்கத்தில் அன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வார்த்தை. விண்ணப்பம் போட்ட அன்றே ஒரு வாரம் தள்ளி ஒரு தேதி எழுதி, "மெயில் போட்டுக் கேட்க" என்று குறித்துவிடுங்கள். முதல் ரவுண்டு முடிந்து "சொல்லி அனுப்புகிறோம்" என்றால், எப்போது என்று அங்கேயே கேட்டு அந்தத் தேதியை எழுதுங்கள். முடிந்துபோன வரியைத் தவிர வேறெந்த வரியிலும் இந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் தேதி இன்றைக்கு முன்னால் என்றால் சிவப்பு என்று ஒரு விதி போடலாம். காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து சிவப்பாக இருப்பதை மட்டும் பாருங்கள். அன்றைய வேலை அவ்வளவுதான்.

விளம்பரத்தின் முழு வாசகத்தையும் காப்பி செய்து ஒரு டாக்குமெண்டில் வைத்து, அதன் லிங்கை அந்த வரியில் சேர்த்துவிடுங்கள். ஆள் கிடைத்தாலோ கெடு முடிந்தாலோ நாங்கள் விளம்பரத்தை எடுத்துவிடுவோம். இன்டர்வியூ அன்று அது உங்களுக்கு வேண்டியிருக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் தேட முடியாது, எழுத்தாகவே வையுங்கள்.

"எந்த வழி" என்ற கட்டத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் எங்களுக்கு இது தினசரித் தலைவலி. ஒரே ஆளின் ரெஸ்யூம் இரண்டு கன்சல்டன்சியிலிருந்து வரும். யாருக்குக் கமிஷன் என்று அவர்களுக்குள் தகராறு. பல கம்பெனிகளில் அந்தப் பெயரையே ஓரமாக வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். இதைவிட மோசம், ஒரு கன்சல்டன்சியிடம் ஒரு சம்பளமும் எங்களிடம் வேறு சம்பளமும் சொல்லியிருப்பது. கன்சல்டன்சியில் யாராவது கூப்பிட்டால், "எந்தக் கம்பெனிக்கு அனுப்பப் போகிறீர்கள்" என்று கேட்டு, ஷீட்டில் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு சரி சொல்லுங்கள். பெயரைச் சொல்லாமல் ரெஸ்யூமை மட்டும் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஷிஃப்டில் இருக்கும்போது போன் வந்தால், "டூட்டியில் இருக்கிறேன், பத்து நிமிஷத்தில் நானே கூப்பிடட்டுமா" என்று கேளுங்கள். எங்களில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

மீனாட்சிபுரம்_சந்தை எழுதியது:

அக்கா சொல்வது சரிதான், ஆனால் போனில் ஷீட் பார்ப்பது கண்ணுக்குக் கஷ்டம். பத்துக் கட்டம் என்றால் விரலால் தள்ளித் தள்ளித்தான் கடைசிக் கட்டத்துக்குப் போக வேண்டும். நான் ட்ரெல்லோதான் சொல்வேன். பார்த்து வைத்தது, போட்டது, பேசியது, இன்டர்வியூ, ஆஃபர், முடிந்தது என்று ஆறு வரிசை. ஒரு வேலைக்கு ஒரு கார்டு. நிலை மாறினால் கார்டை இழுத்து அடுத்த வரிசையில் விடலாம். கார்டுக்குள்ளேயே விளம்பரம், அனுப்பிய ரெஸ்யூம், கெடு தேதி எல்லாம் வைக்கலாம். கெடு வந்தால் அதுவே நினைவூட்டும். இலவசக் கணக்கு ஒரு ஆளுக்குத் தாராளம்.

தம்பி குவாலிட்டியில் இருப்பதால், வேலை எந்த நிலையில் நிற்கிறது என்று கார்டு வைத்துக் காட்டும் கன்பான் போர்டு தெரிந்திருக்கும். டொயோட்டாவில் தொடங்கிய அதே முறைதான் இது. எந்த வரிசையில் கார்டுகள் குவிந்து நிற்கின்றன என்று பார்த்தவுடன் தெரியும்.

சித்தூர்ப்புழை_அக்கா எழுதியது:

போனுக்கு ட்ரெல்லோ வசதி, மறுக்கவில்லை. ஷீட்டிலும் "அடுத்த தேதி"யை இரண்டாவது கட்டமாகக் கொண்டுவந்து முதல் இரண்டையும் ஃப்ரீஸ் செய்துவிட்டால் தள்ள வேண்டியதில்லை.

நான் ஷீட் என்று சொல்வதற்குக் காரணம் வேறு. ஷீட்டில் எண்ணலாம். கவுன்ட்இஃப் என்ற ஒரே ஃபார்முலாவில் எத்தனை போட்டோம், எத்தனை போன் வந்தது, எத்தனை இன்டர்வியூ என்று தனியே வந்துவிடும். வழிவாரியாகவும் எண்ணிப் பாருங்கள். நிறையப் போட்டும் போனே வரவில்லையென்றால் குறை ரெஸ்யூமில், இல்லையென்றால் போடும் இடத்தில். போன் வந்து அங்கேயே நின்றுவிட்டால் பெரும்பாலும் சம்பளம் அல்லது நோட்டீஸ் பீரியட். இன்டர்வியூ வரை போய் நின்றால் பாடத்தை எடுத்துப் படிக்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு. வேலை கிடைக்காதவர்கள் பொதுவாக முதல் மருந்தையே திரும்பத் திரும்பச் சாப்பிடுகிறார்கள், இன்னும் நிறைய இடத்தில் போடுவது என்று. எதில் நிற்கிறோம் என்று தெரியாமல் இன்னும் நூறு இடத்தில் போட்டாலும் அதே பதில்தான் வரும்.

வாளையார்_காற்று எழுதியது:

போன் வரவில்லை என்றால் பார்க்க வேண்டிய இரண்டு மூன்று விஷயம் நம் பகுதிக்கே உரியவை. அதை யாரும் சொல்லவில்லை.

நௌக்ரியில் விருப்ப ஊர் என்ற இடத்தில் பாலக்காடு மட்டும் போட்டிருந்தால் கோயம்புத்தூர் ஆட்கள் தேடும்போது நீங்கள் தெரியாமல் போகலாம். இரண்டையும் போடுங்கள். ஆள் எடுப்பவர்கள் நோட்டீஸ் பீரியட் வைத்தும், சமீபத்தில் கணக்கைத் திறந்தவரா என்று பார்த்தும் வடிகட்டுவார்கள். அதனால் வாரம் ஒரு முறை உள்ளே போய் ஏதாவது ஒரு வரியைத் திருத்துங்கள். முகவரி கேரளம் என்பதாலேயே "தினமும் வர முடியுமா" என்று சந்தேகப்படுவார்கள். ரெஸ்யூம் தலைப்பிலேயே "வேலந்தாவளம், தமிழ்நாட்டு எல்லை, கோவைக்கு தினசரி வந்து போக முடியும்" என்று எழுதிவிடுங்கள். அந்தக் கேள்வி முடிந்தது.

மொழியைச் சும்மா "தமிழ், மலையாளம், ஆங்கிலம்" என்று அடுக்காதீர்கள். பேச, படிக்க, எழுத என்று பிரித்து எழுதுங்கள். கஞ்சிக்கோட்டு ஷாப் ஃப்ளோரில் தமிழ்க்காரர், மலையாளி, வடக்கிலிருந்து வந்தவர் எல்லாரும் நிற்கிறார்கள். மூன்று பேரிடமும் பேசி வேலை வாங்கத் தெரிந்த லைன் சூப்பர்வைசருக்கு அங்கே மதிப்பு உண்டு. நம் ஊரில் எல்லாருக்கும் மலையாளம் வரும் என்பதால் அதை ஒரு தகுதியாகவே நாம் நினைப்பதில்லை.

பெரிய கம்பெனிகள் ரெஸ்யூமை ஏடிஎஸ் என்ற மென்பொருளில் ஏற்றிப் பிரித்து எடுக்கும். பக்கத்தை இடம் வலமாக இரண்டு பத்தியாகப் பிரித்த டிசைன், டேபிளுக்குள் டேபிள், படமாக ஒட்டிய எழுத்து எல்லாம் அதில் குழம்பிப்போகலாம். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் செலக்ட் செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை மாறாமல் வந்தால் சரி. ஒன்றுமே வரவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம், அனுப்பாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை_டீச்சர் எழுதியது:

பிஎஸ்சி போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கேரள பிஎஸ்சியின் துளசி என்ற போர்ட்டலில் விண்ணப்பித்ததோடு வேலை முடியவில்லை. தேர்வு அட்டவணை வந்த பிறகு, குறித்த நாட்களுக்குள் "தேர்வு எழுதுவேன்" என்று உள்ளே போய் உறுதிப்படுத்த வேண்டும். அதைச் செய்யாவிட்டால் ஹால் டிக்கெட் வராது, விண்ணப்பமே தள்ளுபடி. நன்றாகப் படித்த பிள்ளைகள் இந்த ஒரு தேதியில் வாய்ப்பை இழப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தமிழில் வினாத்தாள் தரும் தேர்வுகள் இருக்கின்றன. உறுதிப்படுத்தும்போது வினாத்தாள் மொழியையும் கவனித்துப் பாருங்கள்.

இந்த மாதிரித் தேதிகளை ஷீட்டில் வைப்பதோடு நிறுத்தாதீர்கள். கூகுள் காலண்டரில் போட்டு, ஒரு வாரம் முன்னால் ஒன்றும் ஒரு நாள் முன்னால் ஒன்றுமாக இரண்டு நினைவூட்டல் வையுங்கள். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் பதிவு கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது. விட்டால் சீனியாரிட்டி போய்விடும். மூன்று வருஷம் தள்ளி ஒரு தேதி யாருக்கும் மனதில் நிற்காது, காலண்டரில் நிற்கும்.

தமிழ்நாட்டுத் தேர்வும் எழுதலாம் என்று நினைப்பவர்கள், டிஎன்பிஎஸ்சியின் ஒருமுறைப் பதிவு ஐந்து வருஷம்தான் செல்லும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கேரளத்து நேட்டிவிட்டி உள்ளவர்களுக்கு அங்கே இடஒதுக்கீடு கிடையாது, பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். தெரிந்துகொண்டு நேரத்தைச் செலவிடுங்கள்.

வேலந்தாவளம்_தம்பி எழுதியது:

டீச்சர், மிக்க நன்றி. உறுதிப்படுத்தும் தேதியைக் காலண்டரில் போட்டுவிட்டேன். வாளையார் அண்ணா சொன்ன நோட்பேட் சோதனையில் என் ரெஸ்யூமில் போன் நம்பர் நடுவில் எங்கோ போய் நிற்கிறது. ஒரே பத்தியாக மாற்றி எழுதுகிறேன்.

கோபாலபுரம்_மாமா எழுதியது:

எல்லாம் நல்ல விஷயம்தான் பிள்ளைகளே. ஆனால் இந்தப் பக்கத்தில் சின்ன யூனிட்டுகள் எல்லாம் தெரிந்தவர் சொல்லித்தான் ஆள் எடுக்கிறார்கள். விளம்பரமே போடாத இடம் எத்தனையோ. டூல் ரூம்காரர், சப்ளையர், பழைய போர்மேன் இவர்களைப் பார்த்துப் பேசாமல் ஷீட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை வராது.

சித்தூர்ப்புழை_அக்கா எழுதியது:

மாமா சொல்வது முழுக்க உண்மை. அதற்கும் ஷீட்டில் இடம் கொடுக்கலாம். கீழே இன்னொரு டேப் திறந்து "ஆட்கள்" என்று பெயர் வையுங்கள். யார், எங்கே இருக்கிறார், எப்படிப் பழக்கம், கடைசியாக எப்போது பேசியது, என்ன சொன்னார். காலிப்ரேஷன் லேபிலிருந்து வருபவர், கஸ்டமர் ஆடிட்டுக்கு வந்தவர், பாலிடெக்னிக் சீனியர் எல்லாரும் இதில் வரவேண்டும். வேலை கேட்பதற்கு மட்டும் கூப்பிடாதீர்கள். அவர் சொல்லி ஓர் இடத்துக்குப் போனால், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்பக் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் சொல்வதில்லை. சொல்கிற பையனை அவர் அடுத்த முறை தானாகவே நினைப்பார்.

வண்ணாமடை_வளைகுடா எழுதியது:

வெளிநாடு தேடுகிறவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். ஏஜென்ட் வழியாகப் போகிற வரி ஒவ்வொன்றிலும் "லைசென்ஸ் பார்த்தாயிற்றா" என்று ஒரு கட்டம் வையுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியல் இருக்கிறது. பெயர் அதில் இல்லையென்றால் மேலே பேச வேண்டாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதற்கு மேல் லட்சக் கணக்கில் கேட்டால் அது கட்டணம் இல்லை. கொடுக்கும் பணத்துக்கு ரசீது வாங்கி, படம் எடுத்து, அந்த வரியிலேயே லிங்க் வையுங்கள். சான்றிதழ் அட்டெஸ்டேஷனுக்குக் கேரள அரசின் நார்க்கா ரூட்ஸ் இருக்கிறது, இடைத்தரகர் தேவையில்லை.

தேவிகுளம்_மலை எழுதியது:

ஷீட், ட்ரெல்லோ எல்லாம் வேலை கிடைக்கும் வரை. கிடைத்த பிறகு நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பேப்பரில்தான். அதிலும் பெயரில்.

நாங்கள் தோட்டத்துக் குடும்பம். எனக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்ப் புத்தகத்தில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பான் கார்டில் அப்பா பெயரே சர்நேம். மூன்றும் நான்தான், கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். பிஎஃப் கணக்கின் யூஏஎன் என்ற 12 இலக்க எண் எத்தனை கம்பெனி மாறினாலும் ஒன்றே. ஆனால் அதிலிருக்கும் பெயரும் ஆதாரும் ஒத்துப்போகாவிட்டால் பழைய பணத்தை மாற்றுவது இழுக்கும். ஆகவே வேலை தேடத் தொடங்கும்போதே ஒரு டேப் போட்டு எந்தச் சான்றிதழில் பெயரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து எழுதிப் பாருங்கள். வித்தியாசம் கண்ணில் படும். ஆஃபர் வந்த பிறகு திருத்த ஓடினால் சேரும் தேதி தள்ளிப்போகும்.

இன்னொன்று. நான் முன்பு இருந்த ஒரு நிறுவனம், வேலையை விட்ட தேதியைப் பிஎஃப் கணக்கில் போடவே இல்லை. கேட்டால் நாளை, மறுநாள் என்றே பதில். கடைசிச் சந்தா விழுந்து இரண்டு மாதம் ஆகிவிட்டால் ஆதார் இணைத்த தொழிலாளியே மெம்பர் போர்ட்டலில் அந்தத் தேதியைப் பதிவு செய்யலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

டிரைவில் கம்பெனிக்கு ஒரு ஃபோல்டர் வையுங்கள். ஆஃபர் லெட்டர், சம்பள உயர்வுக் கடிதம், சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று. சம்பளச் சீட்டை மாதாமாதம் இறக்கி வையுங்கள். வேலையை விட்ட அன்றே கம்பெனி லாகின் மூடிவிடும். மார்க் ஷீட் டிஜிலாக்கரில் கிடைத்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

மீனாட்சிபுரம்_சந்தை எழுதியது:

தேவிகுளம் அண்ணா, இது ட்ரெல்லோவில் செய்ய முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஃபோல்டர்தான் வேண்டும்.

வேலந்தாவளம்_தம்பி எழுதியது:

இரண்டு சந்தேகம். இப்போதைய கம்பெனிக்குத் தெரியாமல் தேட வேண்டும், அது எப்படி? அப்புறம், சாட்ஜிபிடியில் ரெஸ்யூம் எழுதலாமா?

வாளையார்_காற்று எழுதியது:

கம்பெனி லேப்டாப்பிலும் கம்பெனி மெயிலிலும் இந்த ஷீட்டைத் திறக்கவே வேண்டாம். நௌக்ரியில் குறிப்பிட்ட கம்பெனிக்கு உங்கள் ப்ரொஃபைல் தெரியாமல் தடுக்கும் வசதி உண்டு, அதில் இப்போதைய கம்பெனியைச் சேருங்கள். லிங்க்ட்இன்னில் "வேலைக்குத் தயார்" என்பதை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். ஆனால் உங்கள் கம்பெனிக்கு நிச்சயம் தெரியாது என்று லிங்க்ட்இன்னே உறுதி தரவில்லை. போட்டோவில் பச்சை வளையம் மட்டும் போடாதீர்கள், எல்லாருக்கும் தெரியும்.

சாட்ஜிபிடியிடம் விளம்பரத்தையும் ரெஸ்யூமையும் கொடுத்து, "இவர்கள் கேட்பதில் எது என் ரெஸ்யூமில் இல்லை" என்று கேளுங்கள். நல்ல பதில் வரும். போன் நம்பர், ஆதார், கஸ்டமர் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கொடுங்கள். அது எழுதித் தரும் வரியில் நீங்கள் செய்யாத வேலை ஒன்றுகூட இருக்கக் கூடாது.

சித்தூர்ப்புழை_அக்கா எழுதியது:

ஆமாம், மென்பொருள் எழுதிய ரெஸ்யூம் எல்லாம் ஒரே குரலில் வருகின்றன. "முடிவுகளை நோக்கி உழைப்பவர்" என்று ஒரே நாளில் பல பேர். அதைத் தள்ளிவிட்டு நாங்கள் தேடுவது, அந்த ஆள் உண்மையில் என்ன செய்தார் என்ற ஒரு வரியை. அந்த வரி ரெஸ்யூம் எழுதும் நாளில் உட்கார்ந்து யோசித்தால் வராது. அதனால்தான் இதைச் சொல்கிறேன்: வேலையில் இருக்கும்போதே மாதம் ஒரு முறை எழுதி வையுங்கள். அதே ஷீட்டில் மூன்றாவது டேப்.

தம்பிக்கு உதாரணம் சொல்கிறேன். இந்த மாதம் எந்தப் பார்ட்டில் ரிஜெக்ஷன் வந்தது, காரணம் என்ன என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள், மாற்றியது என்ன, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பிபிஎம் (பத்து லட்சத்துக்கு எத்தனை குறை) எவ்வளவு. புதிதாகக் கையாண்ட அளவுக் கருவி எது, சிஎம்எம்மா, ஹைட் கேஜா. குறையின் காரணத்தை எட்டுப் படியில் ஆராயும் 8டி அறிக்கையில் உங்கள் பங்கு எந்தப் பகுதி. வாகனத் துறைத் தரச் சான்றுக்கான ஐஏடிஎஃப் ஆடிட்டில் உங்கள் பகுதியைக் கேட்டார்களா, என்ன கேட்டார்கள். பார்ட்டுக்குக் கஸ்டமர் ஒப்புதல் வாங்கும் பிபிஏபி ஃபைல் தயாரிப்பில் இருந்தீர்களா. கஸ்டமரின் டிராயிங், பார்ட் நம்பர், விலை எதையும் எழுத வேண்டாம், எடுத்துக்கொண்டும் போக வேண்டாம். நீங்கள் செய்தது மட்டும்.

ஒரு வருஷம் இப்படி எழுதினால் இன்ஸ்பெக்டராகச் செய்வது எவ்வளவு, இன்ஜினியர் வேலையில் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். இன்க்ரிமென்ட் பேசும்போதும் அதுவே கையில் இருக்கும். சொல்லப்போனால் சில பேருக்கு இதை எழுதிய பிறகு வேறு வேலை தேட வேண்டிய அவசியமே இருக்காது. இருக்கும் இடத்திலேயே கேட்டுப் பார்க்கலாம்.

கோபாலபுரம்_மாமா எழுதியது:

இதைத்தான் நாங்கள் அந்தக் காலத்தில் டைரியில் எழுதினோம். தம்பி, எழுதத் தொடங்கு.

வேலந்தாவளம்_தம்பி எழுதியது:

மூன்று டேப்பும் போட்டுவிட்டேன்: விண்ணப்பம், ஆட்கள், மாதக் குறிப்பு. நான்காவதாகப் பெயர்ப் பட்டியல். பான் கார்டில் பிறந்த தேதி சரி, பெயரில் ஓர் எழுத்து வேறு, திருத்தக் கொடுக்கப் போகிறேன். கிணத்துக்கடவில் ஒரு கம்பெனியில் இரண்டாவது ரவுண்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். விளம்பரத்தைச் சேமித்து வைத்திருந்ததால் எம்எஸ்ஏ (அளவீட்டு முறையைச் சோதிப்பது), எஸ்பிசி (புள்ளிவிவரம் வைத்து உற்பத்தியைக் கண்காணிப்பது) கேட்டிருப்பது தெரிந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இன்டர்வியூ முடிந்ததும் ஷீட்டில் என்ன எழுத வேண்டும் அக்கா?

சித்தூர்ப்புழை_அக்கா எழுதியது:

நல்லது தம்பி. வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப்பிலேயே கேட்ட கேள்விகளை எழுதிவிடுங்கள், வீட்டுக்கு வந்தால் பாதி மறந்துவிடும். பதில் தெரியாத கேள்வியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், எந்தப் பதவி, சம்பளம் பற்றிய பேச்சு வந்திருந்தால் நீங்கள் சொன்ன தொகை எவ்வளவு, அது சிடிசியா (கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்தச் செலவு) கையில் வருவதா, அதையும் சேருங்கள். கஞ்சிக்கோட்டில் நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று ஆஃபர் லெட்டரை எடுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள், கட்டாயம் கேட்பார்கள். எப்போது சொல்வார்கள் என்று கேட்டு அடுத்த தேதியைப் போட்டுவிடுங்கள்.